உப்புக்காற்றும் உத்தரவாதச் சீட்டும்

பழவேற்காடு ஏரிக்கரையில் உள்ள மீனவக் குப்பம் ஒன்றுக்கு அண்மையில் சென்றிருந்தேன். ஒரு வீட்டின் முன்னே, பழைய வலையால் மூடப்பட்ட நிலையில் மின்சார மூன்று சக்கரச் சரக்கு வண்டி ஒன்று நின்றிருந்தது. மீன்பிடிப் பொருளாதாரம் குறித்துக் கள ஆய்வு செய்த காலம் முதல் எனக்கு அறிமுகமான குடும்பம் அது. தாய் மீன் விற்பவர். மகன் அந்த வண்டியில் மீனையும் பனிக்கட்டியையும் ஏற்றிக்கொண்டு, விடியும் முன்பே தாயுடன் பொன்னேரிச் சந்தைக்குச் செல்வது வழக்கம். 'இப்போது ஏன் ஓடவில்லை?' என்று கேட்டேன். பதிலாக, நான்காக மடிக்கப்பட்ட ஒரு தாளை அந்த அம்மையார் என் கையில் கொடுத்தார்.

வண்டியின் விலை ஏறத்தாழ மூன்றரை லட்சம் ரூபாய். பெரும்பகுதி கடன். பேட்டரிக்கு மூன்றாண்டு உத்தரவாதம் என்று சொல்லி விற்றிருக்கிறார்கள். முதல் ஆண்டில் குறையொன்றும் இல்லை. இரண்டாவது மழைக்காலத்தில், ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் ஓடும் தூரம் பாதிக்கும் கீழே இறங்கியது. பத்தொன்பதாவது மாதத்தில் வண்டி அடியோடு நின்றுவிட்டது. பழுதுநீக்கும் மையம் கொடுத்த தாளில் இருந்தது ஒரே ஒரு வரி: இணைப்புகளில் உப்பு அரிப்பு ஏற்பட்டுள்ளது, இது உத்தரவாதத்தில் அடங்காது.

அந்த அம்மையார் என்னிடம் கேட்டார்: “உப்புக்காத்து இங்க நேத்தா சார் வந்துச்சு? வண்டிய வித்தவங்களுக்கு எங்க ஊரு எங்க இருக்குன்னு தெரியாதா?”

நாற்பது ஆண்டுகள் பொருளாதாரம் படித்தும் கற்பித்தும் வந்த எனக்கு, ஒரு பாடத்தை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொன்னதில்லை. அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஜார்ஜ் அகர்லாஃப் 1970-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை பழைய கார்ச் சந்தையைப் பற்றியது. வாங்கிய பிறகு ஓயாமல் பழுதாகும் காரை அமெரிக்கர்கள் பேச்சுவழக்கில் 'எலுமிச்சை' என்பார்கள். எது நல்ல கார், எது எலுமிச்சை என்பது விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. இந்த அறிவு ஏற்றத்தாழ்வு நீடித்தால், ஏமாந்தவர்கள் மட்டுமன்றிச் சந்தையே நம்பிக்கை இழந்து சுருங்கிவிடும் என்று அவர் நிறுவினார். 2001-ஆம் ஆண்டு பொருளாதாரத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்களில் அவரும் ஒருவர். மின்வாகனச் சந்தையில் இந்த ஏற்றத்தாழ்வு மேலும் ஆழமானது. டீசல் வண்டியின் பழுதை ஊர் மெக்கானிக் காதால் கேட்டே சொல்லிவிடுவார். பேட்டரியின் உடல்நிலையோ அதனுள் இருக்கும் மின்னணு மேலாண்மை அமைப்பின் பதிவுகளில் இருக்கிறது. அந்தப் பதிவைத் திறக்கும் சாவி நிறுவனத்திடம் இருக்கிறது.

இது ஒரு குடும்பத்தின் சிக்கல் அன்று. 2022 மார்ச் மாத இறுதியில், வேலூரில் வீட்டில் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பற்றி, புகையில் மூச்சுத்திணறித் தந்தையும் 13 வயது மகளும் உயிரிழந்ததை நாம் மறந்திருக்க முடியாது. அதே காலத்தில் நாட்டின் வேறு பகுதிகளிலும் மின் ஸ்கூட்டர்கள் எரிந்தன. மத்திய அரசு வல்லுநர் குழுவை அமைத்தது. அடுத்த சில வாரங்களில் ஒகினாவா நிறுவனம் 3,215 வண்டிகளையும், பியூர் ஈ.வி. 2,000 வண்டிகளையும், ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்காகத் திரும்ப அழைத்தன. பேட்டரிப் பாதுகாப்புத் தரநிலைகள் திருத்தப்பட்டு, 2022 டிசம்பர் முதல் இரண்டு கட்டங்களாக நடைமுறைக்கு வந்தன.

தீ விபத்துகள் செய்தியாகின்றன; ஓடாமல் நிற்கும் வண்டிகள் செய்தியாவதில்லை. 2023 செப்டம்பர் முதல் 2024 ஆகஸ்ட் வரையிலான ஓராண்டில் ஓலா நிறுவனத்தின் மின் ஸ்கூட்டர்கள் குறித்துத் தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 10,644 புகார்கள் வந்தன. அவற்றுள் 3,389 புகார்கள் பழுதுநீக்கும் சேவையின் தாமதம் பற்றியவை. 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்பியது. புகார்களில் 99.1 விழுக்காடு தீர்க்கப்பட்டுவிட்டதாக நிறுவனம் பதிலளித்தது. எது எவ்வாறாயினும், பத்தாயிரம் பேர் தொலைபேசியை எடுத்ததால்தான் ஓர் ஆணையம் அசைந்தது என்பது இதிலிருந்து நாம் கற்க வேண்டிய பாடம்.

பழவேற்காட்டுக்கு வருவோம். சில்காவுக்கு அடுத்தபடியாக நாட்டின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இது. ஒருபுறம் ஏரி, மறுபுறம் வங்கக்கடல். ஆண்டு முழுவதும் காற்றில் உப்பு. மழைக்காலத்தில் தெருவரை தண்ணீர். மின் இணைப்புகளை உப்பு அரிப்பதும், உப்புநீர் புகுந்தால் மின்கலங்களுக்குள் மின்சாரம் குறுக்கே பாய்வதும் அடிப்படை வேதியியல். 2012-இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி துறைமுகத்தில் சாண்டி சூறாவளியின் கடல்நீரில் மூழ்கிய கார்கள் தீப்பற்றி எரிந்தன. 2022-இல் இயான் சூறாவளிக்குப் பின் ஃபுளோரிடாவிலும் கடல்நீரில் மூழ்கிய மின்கார்கள் எரிந்தன. ஆக, உப்பு செய்யும் கேடு உற்பத்தியாளர்கள் அறியாத புதுமை இல்லை.

'ஐ.பி. 67' தரம் பெற்ற பேட்டரி என்று விளம்பரங்களில் பார்க்கிறோம். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழ நீரில் அரைமணி நேரம் கிடந்தாலும் நீர் புகாது என்பது அதன் பொருள். ஆனால் அந்தச் சோதனை நன்னீரில் நடத்தப்படுவது. மூன்று ஆண்டுகள் கடற்காற்றில் நின்றால் இணைப்புகள் என்னவாகும் என்பதற்கு அந்த எண் எந்த உறுதியும் தருவதில்லை. இந்த வேறுபாட்டைக் கடலோரத்தில் வண்டி வாங்குபவருக்கு யார் சொன்னார்கள்? விற்கும்போது சொல்லாத உப்பு, பழுதானபோது மட்டும் எங்கிருந்து வந்தது?

சட்டத்தின் பார்வையில் இந்தக் கேள்விக்கு எடை உண்டு. 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பொருளால் ஏற்படும் தீங்குக்கு உற்பத்தியாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயத்தைக் கொண்டுள்ளது. அதன் 84-ஆவது பிரிவின்படி, தயாரிப்பில் குறை, வடிவமைப்பில் குறை, அளித்த உத்தரவாதத்துக்குப் பொருந்தாமை ஆகியவற்றோடு, முறையான பயன்பாட்டுக் குறிப்புகளையும் எச்சரிக்கையையும் அளிக்கத் தவறியதும் பொறுப்புக்கு அடிப்படையாகும். கடலோரத்தில் இந்த வண்டியை எப்படி நிறுத்த வேண்டும், எத்தனை மாதத்துக்கு ஒருமுறை இணைப்புகளைச் சோதிக்க வேண்டும் என்று எழுதித் தராத நிறுவனம், உப்பைக் காரணம் காட்டி விலகிக்கொள்ள முயலும்போது, 'அப்படியானால் ஏன் எச்சரிக்கவில்லை?' என்று ஆணையத்தின் முன் கேட்கலாம். தீர்ப்பு என்னவாகும் என்று முன்கூட்டியே எவரும் உறுதியளிக்க இயலாது. ஆனால் அந்த ஒற்றை வரிக் கடிதம் முடிந்த முடிவு அன்று என்பது உறுதி.

'தொழிலுக்காக வாங்கிய வண்டிக்கு நுகர்வோர் சட்டம் பொருந்தாது' என்று விற்பனையாளர்கள் சிலர் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். இது பாதி உண்மை. வணிக நோக்கத்துக்காக வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் சுயதொழில் மூலம் தம் பிழைப்பை நடத்துவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்துவது வணிக நோக்கம் ஆகாது என்று அதே பிரிவின் விளக்கம் சொல்கிறது. கோவை பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட் எதிர்த்தரப்பாக இருந்த லக்ஷ்மி இன்ஜினியரிங் வொர்க்ஸ் வழக்கில், 1995-இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. பிழைப்புக்காகத் தாமே ஓட்ட ஆட்டோ வாங்குபவர் நுகர்வோரே என்றும், ஓரிருவர் உதவியைப் பெறுவதால் அந்தத் தகுதி போய்விடாது என்றும் விளக்கியது. மீன் விற்கும் தாயும் வண்டி ஓட்டும் மகனும் இந்த வரையறைக்குள் வருவார்கள் என்பதே என் புரிதல். பத்து வண்டிகளை வாங்கி ஆள்வைத்து ஓட்டுபவரின் நிலை வேறு.

வழக்குத் தொடுப்பது என்றாலே செலவும் அலைச்சலும் நினைவுக்கு வந்து நம் மக்கள் ஒதுங்கிவிடுகிறார்கள். நடைமுறை அவ்வளவு கடினமானது இல்லை. செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே முறையிடலாம். விலை ஐந்து லட்சத்துக்குள் என்றால் கட்டணமே இல்லை. நிறுவனத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நுகர்வோர் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம் என்பது 2019-ஆம் ஆண்டுச் சட்டம் தந்த பெரும் சலுகை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையவழியில் மனு அளிக்கலாம். காணொலி வழி விசாரணையையும் கோரலாம். பழவேற்காட்டிலிருந்து திருவள்ளூருக்கு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் பயணம் ஒரு நாள் வருமானத்தை விழுங்கிவிடும் குடும்பங்களுக்குக் காணொலி வசதி சிறிய உதவி அன்று. பெண்கள், பட்டியலினத்தவர், பழங்குடியினர் ஆகியோர் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறத் தகுதியுடையவர்கள். வட்ட அளவிலும் சட்டப் பணிகள் குழுக்கள் இயங்குகின்றன. வண்டி அந்தத் தாயின் பெயரில் இருப்பது இங்கே அவருக்குத் துணையாகும்.

முதற்படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம். பல புகார்கள் அந்த நிலையிலேயே முடிந்துவிடுகின்றன. முடியாவிட்டால் ஆணையத்தை நாடும்போது, விற்பனையாளர், உற்பத்தியாளர் ஆகிய இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்ப்பது நல்லது. விற்பனையாளர் செய்த தவறுக்கு உற்பத்தியாளர் தானாகவே பொறுப்பாகிவிட மாட்டார் என்று 2021-இல் டாடா மோட்டார்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது. ஒருவர் மற்றவரைக் கைகாட்டித் தப்பிக்க இடம் தரலாகாது. உற்பத்தியாளர் யாரென்றே தெரியாத இறக்குமதிப் பொருளாக இருந்தால், விற்றவரே பொறுப்பு என்கிறது 86-ஆவது பிரிவு.

என்ன கேட்கலாம் என்பதிலும் தெளிவு வேண்டும். 2006-இல் மாருதி நிறுவனத்தின் வழக்கொன்றில், உத்தரவாதம் பழுதான பாகத்தை மாற்றுவதற்கு மட்டுமே என்றால், முழு வாகனத்தையும் மாற்றித் தரும்படி கோர முடியாது என்று உச்ச நீதிமன்றம் கருதியது. ஆனால் 2022-இல் ஹூண்டாய் கார் ஒன்றில் விபத்தின்போது காற்றுப்பை விரியாத வழக்கில், மோதலின் வேகத்தையும் விசையையும் கணக்கிட்டுக்கொண்டிருக்க நுகர்வோர் இயற்பியல் வல்லுநர் அல்லர் என்று கூறி, வாகனத்தை மாற்றித் தரும் உத்தரவை அதே நீதிமன்றம் நிலைநிறுத்தியது. எனவே, வாகனத்தை மாற்றித் தருதல் அல்லது விலையைத் திருப்பித் தருதல், இயலாவிட்டால் புதிய பேட்டரி, இடைப்பட்ட கால வருமான இழப்புக்கு ஈடு என்று கோரிக்கைகளை வரிசைப்படுத்துவது அறிவுடைமை.

சான்றுகளே வழக்கின் உயிர். விலைச் சீட்டு, உத்தரவாத ஏடு, ஒவ்வொரு முறையும் வண்டியை விட்டதற்கான பணி அட்டை, அனுப்பிய குறுஞ்செய்திகள் அனைத்தையும் பாதுகாக்க வேண்டும். பழுதை வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வரலாகாது. எழுத்தில் பதிய வேண்டும். பேட்டரியை வெளியாளிடம் கொடுத்துத் திறக்கலாகாது. பொருளை மாற்றியமைத்தாலோ தவறாகப் பயன்படுத்தினாலோ பொறுப்பிலிருந்து விலகிக்கொள்ள 87-ஆவது பிரிவு வழிவிடுகிறது. பனிக்கட்டிப் பெட்டிக்காகவோ கூடுதல் விளக்குக்காகவோ பேட்டரியிலிருந்து நாமே கம்பி இழுப்பது, வழக்கை நாமே தோற்கடிப்பதற்கு ஒப்பாகும். குறையை ஆய்வகச் சோதனையால் மட்டுமே அறிய முடியும் என்றால், பொருளை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆவணங்களை அளிக்கும்படி உத்தரவிடும் உரிமையியல் நீதிமன்ற அதிகாரமும் உண்டு. பேட்டரியின் மின்னணுப் பதிவுகளை நிறுவனம் தாக்கல் செய்ய வேண்டும் என்று மனுவிலேயே கேட்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வழக்குத் தொடுத்ததாலேயே கடன் தவணை நின்றுவிடாது. கடன் கொடுத்தவரிடம் தனியே பேசித் தவணைக்காலத்தை நீட்டிக்கக் கோர வேண்டும். ஓடாத வண்டிக்குத் தவணை கட்டுவது கொடுமைதான். ஆனால் கட்டாமல் விட்டு வண்டி பறிமுதலானால், வழக்கின் முதன்மைச் சான்றே கைவிட்டுப் போய்விடும்.

இனி, அரசு செய்ய வேண்டியவை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் ஆண்டுத் திருத்தம், குறையுள்ள வாகனங்களைத் திரும்ப அழைக்க உத்தரவிடும் அதிகாரத்தை மத்திய அரசுக்கு அளித்தது. அதற்கான விதிகள் 2021 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தன. விற்ற வாகனங்களில் குறிப்பிட்ட விழுக்காட்டளவு புகார்கள் வந்தால்தான் அந்த ஏற்பாடு இயங்கும். நாடெங்கும் விற்கப்படும் ஒரு வண்டி கடலோரத்தில் மட்டும் பழுதாகும்போது, அந்தப் புகார்கள் தேசியக் கணக்கில் கரைந்துபோகும். கடலோர மாவட்டங்களுக்குத் தனி அளவுகோல் தேவை.

இரண்டாவதாக, 250 வாட்டுக்குக் குறைந்த திறனும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் கொண்ட மின் ஸ்கூட்டர்கள் சட்டப்படி மோட்டார் வாகனங்களே அல்ல. பதிவும் உரிமமும் வேண்டாம் என்பதால் சிற்றூர்களில் இவை விரும்பி வாங்கப்படுகின்றன. ஆனால் அதே காரணத்தால், மோட்டார் வாகனச் சட்டத்தின் திரும்ப அழைக்கும் பாதுகாப்புக்கு வெளியே நிற்கின்றன. இவற்றைப் பொறுத்தவரை மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆபத்தான பொருள்களைத் திரும்ப அழைக்கத் தனக்கு உள்ள அதிகாரத்தைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும்.

மூன்றாவதாக, ஓசூரிலும் கிருஷ்ணகிரியிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் மின்வாகனங்களை உருவாக்கி நாட்டுக்கே அனுப்பும் மாநிலம் நம்முடையது. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேற்பட்ட கடற்கரை உடைய மாநிலமும் நம்முடையதே. ஒரகடத்தில் வாகனச் சோதனைக்கான தேசிய ஆய்வு மையம் இருக்கிறது. நுகர்வோர் ஆணையங்கள் அனுப்பும் பேட்டரிகளைக் குறைந்த கட்டணத்தில் அங்கே சோதிக்க அரசு ஏற்பாடு செய்தால், ஆய்வறிக்கைக்கு வழியின்றித் தோற்கும் ஏழையின் வழக்குகள் நிமிர்ந்து நிற்கும். கடலோரத்தில் விற்கும் ஒவ்வொரு வண்டியுடனும் உப்புக்காற்றுப் பராமரிப்புக் குறிப்பைத் தமிழில் தர வேண்டும் என்பதையும் கட்டாயமாக்கலாம்.

இதனால் தொழில் நசிந்துவிடும் என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. பேட்டரிக் குறைக்காக ஏறத்தாழ ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போல்ட் மின்கார்களைத் திரும்ப அழைத்தது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். அதற்கான செலவில் சுமார் 190 கோடி டாலரை, மின்கலம் தயாரித்த எல்.ஜி. நிறுவனத்திடமிருந்து பெற ஒப்பந்தம் செய்துகொண்டது. பொறுப்பு எங்கே சேர வேண்டுமோ அங்கே சேர்ந்தது. மீன் விற்பவரின் தலையில் இறக்கப்படும் செலவு, தயாரிப்பை மேம்படுத்தும்படி எவரையும் தூண்டுவதில்லை.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு மரபு உண்டு. ஏரியில் யார், எந்த நாளில், எந்த இடத்தில் வலை கட்டுவது என்பதை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு அது. தனியொருவர் நீரைச் சொந்தம் கொண்டாட முடியாது. தனியொருவர் விட்டுவிடப்படுவதும் இல்லை. ஒரே குறையால் பாதிக்கப்பட்ட பலர், ஆணையத்தின் அனுமதியுடன் ஒரே வழக்காகத் தொடுக்க நுகர்வோர் சட்டத்தின் 35-ஆவது பிரிவு இடமளிக்கிறது. அந்தக் குப்பத்தில் மட்டும் இதே வகை வண்டிகள் இன்னும் மூன்று நிற்பதாக மகன் சொன்னார். நால்வரும் தனித்தனியே பழுதுநீக்கும் மையத்துக்குச் சென்று, தனித்தனியே அதே ஒற்றை வரித் தாளுடன் திரும்பியிருக்கிறார்கள். ஏரியில் கூடி வாழும் கலையை உலகுக்குக் கற்பித்தவர்கள், கரைக்கு வந்ததும் ஏன் தனியாக நிற்க வேண்டும்?

விடைபெறும் முன் அந்தத் தாளில் இருந்த தேதியைப் பார்த்தேன். பதினைந்து மாதங்கள் கடந்துவிட்டன. நுகர்வோர் வழக்குக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். அதைத் தாண்டினால் தாமதத்துக்குத் தக்க காரணம் காட்டியாக வேண்டும். “இன்னும் ஒன்பது மாதம் இருக்கிறது அம்மா, அதுவரை காத்திருக்க வேண்டாம்” என்றேன். அவர் அந்தத் தாளை வாங்கி, மறுபடியும் நான்காக மடித்து, மகனிடம் கொடுத்தார்: “அந்த மூணு பேரையும் சாயந்தரம் வரச் சொல்லு.”

கட்டுரையாளர்: பொருளாதாரப் பேராசிரியர் (ஓய்வு)